தம்பி லொறியின் எஞ்சின்

அட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு விறகு ஏற்றும் தங்கள் லொறிக்கு, பழுது பார்த்துப் புதிதாக்கிய டீசல் எஞ்சின் ஒன்றை வாங்கிவிட்டு வருகிறார்கள் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

"அது என் தம்பி லொறி எஞ்சின்தானே?" என்று அவள் திடீரெனக் கேட்டாள்.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். "யாரு சொன்னா?"

"கராஜ்ல தூக்கித் தொங்கவிட்டுக் காட்டினாங்களே. அதுல கீழ எஞ்சினத் தாங்குற கால் ஒண்ணு ஒடைஞ்சு ஒட்டவச்சிருக்கு. அத ஒட்டவச்ச அன்னைக்கு அவனுக்குச் சோறு கொண்டுபோனது நான்தான்."

"அவன் லொறியோட பள்ளத்துல விழுந்து செத்ததுக்கு எஞ்சின் என்னா செய்யும் புள்ள? பிரேக்குதான் பிடிக்கல. இப்ப உள்ளுக்கு எல்லாத்தையும் மாத்தியிருக்காங்க."

"அப்ப தெரிஞ்சுதான் வாங்கினீங்க."

"தெரியும்," என்றான் தாழ்ந்த குரலில். "இத விட்டா இந்த வெலைக்கு நமக்கு வேற கெடைக்காது. சொன்னா நீ விட்டிருக்க மாட்ட."

பஸ் இரண்டு மூன்று வளைவுகளைக் கடந்த பிறகு அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"சரி, மாட்டுங்க. மொத லோடு கொண்டுபோறப்ப நானும் முன்னால ஏறி வருவேன்."

"அவன் விழுந்த அந்த ரோட்டுலயா? ஒனக்கு என்னா பைத்தியமா?"

"என் தம்பி தனியாத்தானே போனான்."

மஸ்கெலியாவில் அவன் முதலில் இறங்கி அவளுக்குக் கை நீட்டினான். அவள் அதைப் பிடிக்காமலே இறங்கினாள்.