எதிர் வங்கியிலும் நண்பர்தான்

எனக்கு இறகுப்பந்து சரியாக ஆட வராது. ஆனாலும் விடுமுறை நாள் காலையில் தவறாமல் மைதானத்துக்குப் போய்விடுவேன். எங்கள் கடைத்தெருவில் வங்கிகள் மூன்று. மூன்றின் மேலாளர்களும் அங்கே வருவோம். எங்களுக்குள் போட்டி என்று ஒன்று இருந்தது அந்த வலைக்கு இரண்டு பக்கமும் மட்டும்தான். அதைப் போய் நீங்கள் கூட்டுச்சதி என்கிறீர்கள். விசாரணை அதிகாரிகளுக்கு விளையாட்டில் ஆர்வம் குறைவு போலிருக்கிறது, ஐயா.

சலவைக்கடை அம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல மாதிரி. தவணை தவறியதே இல்லை. துவைக்கும் இயந்திரங்களும் குடியிருந்த வீடும் எங்களிடம் அடமானம். அதனால் வட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். வாயில்லாப் பூச்சி என்று நினைத்திருந்தேன். ஒருநாள் என் எதிரே வந்து உட்கார்ந்தார். சோப்பு அரித்த விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன.

"சார், எதிர்ல இருக்கிற பேங்க்ல வட்டி கம்மின்னு போர்டு போட்டிருக்காங்க. கடனை அங்க மாத்திக்கலாம்னு பாக்கிறேன்."

"தாராளமா மாத்திக்கோங்கம்மா. அது உங்க உரிமை," என்றேன். வாசல் வரை வந்து கதவையும் திறந்துவிட்டேன். அவர் சாலையைக் கடப்பதற்குள் அந்த வங்கி நண்பனுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன்: "ஒரு அம்மா வர்றாங்க. மரியாதையா பேசி அனுப்பிடு."

"உன் வீட்டுக் கோழி என் வீட்ல மேயாதுப்பா," என்று சிரித்தான். மூன்றாவது வங்கிக்காரனும் தங்கமான மனிதன்.

இரண்டு வங்கிகளின் படியும் ஏறி இறங்கிவிட்டு அம்மா என்னிடமே திரும்பினார். இந்த முறை குரல் தாழ்ந்திருந்தது.

"வீட்டுக்காரருக்கு இதயத்துல ஆபரேஷன் பண்ணணுமாம் சார். ஒரு மெஷினை வித்துக்கிறேன். வாங்க ஆள் இருக்கு. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

சொல்லியிருக்கலாம். வீட்டின் மதிப்பே எங்கள் கடனுக்குப் போதும், இயந்திரமே தேவையில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள்: எதிர் வங்கிக்குப் போய் வந்தவருக்கு உடனே தலையாட்டினால், நாளை தெருவே சாலையைக் கடக்கும். ஒரு ஒழுங்கு வேண்டாமா?

"மேலிடத்துல கேட்டிருக்கேம்மா," என்றேன். கேட்கவில்லை. அவர் வந்தபோதெல்லாம் அதையே, அதே கனிவோடு சொன்னேன். ஒருமுறைகூடக் குரலை உயர்த்தியதில்லை. என் ஊழியர்களைக் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக வந்தபோது அவர் உட்காரவில்லை.

"இனிமே விக்க வேணாம் சார். அவர் போயிட்டார்."

நாற்காலியை இழுத்துப் போட்டேன். தண்ணீர் கொடுத்தேன். இறுதிச் செலவுக்கு அங்கேயே ஒரு புதுக் கடனும் போட்டுக் கொடுத்தேன். வட்டி கொஞ்சம் கூடுதல்தான். சம்பாதிக்கும் துணையை இழந்தவருக்குக் கடன் கொடுப்பதில் ஆபத்து அதிகம் அல்லவா?

ஆமாம், சீக்கிரம் அறுவை சிகிச்சை செய்தால் பிழைத்துவிடுவார் என்று, அந்த அம்மா கேட்டுக்கொண்டதால், மருத்துவரே என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். தெரிந்துதான் இழுத்தடித்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள்: அந்தத் துக்கத்தில் அவருக்குக் கைகொடுத்த வங்கி எங்களுடையது மட்டும்தான்.