போல்ட்டின் மேல் மஞ்சள் கோடு

கார் வைத்திருப்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதன் அடிவயிற்றைப் பார்த்ததே இல்லை. நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள் சார், அதில் தப்பில்லை. அங்கே என்ஜின் ஆயில் நிற்கிற தொட்டி இருக்கிறது. அதன் அடியில் ஒரே ஒரு போல்ட். பழைய ஆயிலை வடிக்க அதைக் கழற்ற வேண்டும், வடிந்ததும் பூட்ட வேண்டும். பூட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் துளையின் வாயைத் துடைக்க வேண்டும். செம்பு வாஷர் புதிதாக இருக்க வேண்டும். ஒருமுறை நசுங்கியது மறுபடி சரியாக நசுங்காது, நசுங்காவிட்டால் அடைக்காது. பிறகு போல்ட்டை விரலாலேயே திருக வேண்டும். மரை ஒழுங்காகப் பிடித்தால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். கடைசியில் மட்டும் ஸ்பேனர். வாஷர் நசுங்குவது கைக்குத் தெரியும், அங்கே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் பலத்தைக் காட்டினால் அலுமினியத் தொட்டியின் மரை போய்விடும்.

இதையெல்லாம் என் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தது நான். அவனாகச் சேர்த்துக்கொண்டது ஒன்றுதான். முறுக்கி முடித்ததும் போல்ட்டின் தலையிலிருந்து தொட்டிவரை மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுப்பான். போல்ட் அசைந்தால் கோடு முறியும். நல்ல யோசனைதான். ஆனால் ஒரு கோட்டுக்காக ஊரே அவனைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடும் என்று நான் நினைக்கவில்லை. பட்டறைக்குள் வரும்போதே "தம்பி இருக்காரா?" என்பார்கள். கேட்பது என்னிடம்.

அன்று டீச்சரம்மா வந்தார். மறுநாள் மலைமேல் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறார், ஆயில் மாற்ற வேண்டும். நான் வாஷரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.

"ஐயோ சாமி, ஆள விடுங்க," என்று சிரித்தார். "அண்ணன் வாயாலயே முறுக்கிடுவாரு. தம்பி, நீ கையால முறுக்குப்பா."

பட்டறையே சிரித்தது. தம்பியும்தான். "பாவம் டீச்சர், எங்கண்ணன விட்டுடுங்க," என்றான்.

டீச்சர் சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் 'பாவம்'தான் உறுத்தியது.

அவன் முடித்துவிட்டுச் சாப்பிடப் போனான். நான் காரின் அடியில் படுத்துப் பார்த்தேன். குறை சொல்ல முடியாத வேலை. ஈரம் காயாத கோட்டைப் பெட்ரோல் துணியால் துடைத்தேன். போல்ட்டைத் தளர்த்தி, விரலிறுக்கத்தில் விட்டேன். பிறகு புதுக் கோடு இழுத்தேன், அவன் இழுப்பது போலவே சற்று இடப்பக்கம் சாய்த்து.

அவனுக்குக் கெட்ட பெயர் வரட்டும் என்றுதான் செய்தேன். வேறு எண்ணமில்லை. சொட்டுகிற மாதிரி விட்டிருக்கலாமே என்பீர்கள். சொட்டினால் வாசலிலேயே கறை தெரியும், காரைத் திரும்பக் கொண்டுவருவார், அவனும் சிரித்துக்கொண்டே சரிசெய்து கொடுப்பான். அதில் என்ன கெட்ட பெயர்? விரலிறுக்கத்தில் வாஷர் ஒட்டிக்கொண்டிருக்கும், நிற்கிற கார் சொட்டாது. நீளமாக ஓடினால்தான் அதிர்வில் கழலும்.

மலைச்சாலையில் கழன்றது. ஆயில் கொட்டியதும் சிவப்பு விளக்கு எரியும், உடனே நிறுத்தியிருக்கலாம். அன்று கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன். என்ஜின் இறுகினால் சக்கரமும் இறுகிவிடும், வளைவில் ஒன்றும் செய்ய முடியாது. கார் பள்ளத்தில் விழுந்தது. உள்ளே டீச்சரும் அவர் கணவரும் மட்டும்தான்.

தொட்டியில் பாதிக் கோடு மிச்சமிருந்தது. "என் கோடுதான் சார். நான்தான் சரியா முறுக்கல போல," என்று தம்பி உங்களிடம் ஒப்புக்கொண்டான். நேற்று டீச்சரின் மகள் இங்கே ஸ்டேஷனுக்கு வந்தாள். அவனைத் திட்டுவாள் என்று நானும் காத்திருந்தேன். அவள் லாக்கப் கம்பிக்குள் கைவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க வேணும்னு செஞ்சிருக்க மாட்டீங்கண்ணா. அம்மா இருந்தா அம்மாவும் இதத்தான் சொல்லியிருப்பாங்க," என்று அழுதாள். என்னிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டாள்.

தம்பியைக் காப்பாற்ற வந்தேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே கவனக்குறைவு எதுவுமே இல்லை சார். எவ்வளவு தளர்த்தினால் ஊரைத் தாண்டும்வரை தாங்கும் என்று நிதானமாக யோசித்துச் செய்தது அது. அவ்வளவு சுத்தமான வேலை அவன் பேரில் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.