கார் ஓடற வரைக்கும்

மெக்கானிக்: ...கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், சட்டையில பட்டுடும். ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு சொன்னேனே...

கணவர்: பண்ணலப்பா. சாவியை லேசா திருப்பிப் பாத்தேன், அவ்வளவுதான்.

மனைவி: லேசா திருப்பினதுக்கே தெரு முழுக்கப் புகை. கொசுமருந்து வண்டின்னு நெனச்சு எதிர்க்கடைக்காரர் ஷட்டரை இறக்கிட்டார்.

கணவர்: நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடின எஞ்சின். உனக்கு முழங்கால் வலிக்கலையா, அது மாதிரிதான்.

மனைவி: என் முழங்கால் புகை விடறதில்ல.

கணவர்: சும்மா இரு. ஏம்ப்பா, உள்ள பிரிச்சு வேலை பாத்தா?

மெக்கானிக்: வேணாம் சார். இது பழைய இரும்புக்குத்தான் போகும். ஆனா ஒண்ணு கேக்கணும்... இதுக்கு யாரு ஆயில் ஊத்தினது?

கணவர்: நீதான். போன சர்வீஸ்ல.

மெக்கானிக்: ஆயில் அளவு பாக்கற இந்தக் கம்பியைப் பாருங்க. இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. இப்போ எங்க நிக்குது...

மனைவி: என்ன இது, பாதிக் கம்பி நனைஞ்சிருக்கு?

மெக்கானிக்: ஆயில் கூடிப்போனா உள்ள தயிர் கடையற மாதிரி கடைஞ்சு நுரைச்சிடும்மா. நுரையில எஞ்சின் ஓடுமா?

கணவர்: ஒரு டம்ளர் ஊத்தினதுக்கா இவ்வளவு...

மனைவி: நீங்க ஊத்தினீங்களா?

கணவர்: ...வாரத்துக்கு ஒரு தடவை. நீ குளிக்கப் போறப்போ. பழைய எஞ்சின் ஆயில் குடிக்கும்னு இவன்தான் சொன்னான்.

மெக்கானிக்: அளவு பாத்துட்டு ஊத்தச் சொன்னேன் சார்.

கணவர்: அந்தக் கோடு என் கண்ணுக்கு எங்க தெரியுது...

மெக்கானிக்: ஆனா நீங்க சொல்ற கணக்குக்கு இவ்வளவு ஏறாது. வேற யாரோ...

கணவர்: வீட்டுல நாங்க ரெண்டு பேர்தானேப்பா... ஏய், நீ எதுக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கறே?

மனைவி: நீங்க மத்தியானம் தூங்கறப்போ. டப்பாவை சோப்புத்தூளுக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிருக்கேன்.

கணவர்: நீயா? உனக்கு பானெட் திறக்கத் தெரியுமா?

மனைவி: இத்தனை வருஷம் பக்கத்துல உக்காந்து என்ன, வேடிக்கையா பாத்தேன்?

கணவர்: எங்கிட்ட ஏன் சொல்லல?

மனைவி: நீங்க ஏன் சொல்லல?

மெக்கானிக்: ஒரே வீட்டுக்குள்ள எதுக்கும்மா இந்தத் திருட்டுத்தனம்?

மனைவி: எங்க பொண்ணுதான் உனக்குத் தெரியுமே, உங்கூடப் படிச்சவ. அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கோம். கார் ஓடற வரைக்கும் நாங்க தனியா இருந்துக்கறோம். நின்னுட்டா வீட்டை வித்துட்டு அவகூடப் போயிடணும்.

கணவர்: அதுக்கு நீ எனக்குத் தெரியாம ஆயில் ஊத்துவானேன்?

மனைவி: எஞ்சின் தேயுதுன்னு தெரிஞ்சா, மறுநாளே பெட்டி கட்டிடுவீங்கன்னுதான். பேத்தி பேத்தின்னு உருகறீங்களே...

கணவர்: நான் எங்க போறேன்னேன்? நீதானே அவ போன் வந்தா ஒரு மணி நேரம் அழறே. போகணும்கற ஆசை உனக்குத்தான்னு இருந்தேன்.

மனைவி: எனக்கு என் வீடு போதும். உங்களுக்காகத்தான் அன்னிக்குத் தலையாட்டினேன்.

கணவர்: நான் உனக்காக ஆட்டினேன்... அடக் கடவுளே.

மனைவி: இப்போ ரெண்டு பேருமா சேந்து அதைக் கொன்னுட்டோம்.

கணவர்: அந்த ஸ்டூலை இப்படிப் போடு... ஏம்ப்பா, வேற எஞ்சின் தூக்கி வெச்சாலும் ஓடாதா?

மெக்கானிக்: அது வந்து சார்...

மனைவி: அவனை ஏன் படுத்தறீங்க. மூஞ்சியைப் பாருங்க, நம்மளைவிட வெளுத்துப்போயிருக்கு.

கணவர்: வாயைத் திறந்து சொல்லேன்ப்பா. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடு. இன்னிக்கே வீட்டுக்கு ஆள் பாக்கச் சொல்றேன்.

மெக்கானிக்: வீட்டை விக்காதீங்க சார்... எஞ்சின் சாகல. ஆயிலை எறக்கிட்டு ஒழுகற ரெண்டு ரப்பர் சீலை மாத்தினா நாளைக்கே ஓடும். நேத்து உங்க பொண்ணு போன் பண்ணி அழுதா. எஞ்சின் போச்சுன்னு சொல்லிடு, அப்பா அம்மாவுக்கு எங்கூட வரணும்னுதான் மனசுக்குள்ள ஆசை, வாய் விட்டுச் சொல்ல மாட்டாங்கன்னு அவதான் சொன்னா... நானும் நம்பிட்டேன்.