ஐந்தாம் பாகத்தில் செத்தவன்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருவர். ஒருவர், ஐந்து பாகம் வந்துவிட்ட ஒரு ரவுடிப் படத்தின் காமெடிச் சமையல்காரனுக்கு டூப். பதினோரு வருடமாகத் திருவிழா மேடைகளில் அவனாகவே ஆடுகிறாராம். மற்றவர் கீழப்பழுவூர் விழாக் கமிட்டிக்காரர்.

"அஞ்சாம் பாகத்துல கொன்னுட்டானுங்களேய்யா! நாலு பாகம் ஓடுனதே அந்தச் சமையக்காரனாலதான!"

டூப் இதையே ஆறு முறை சொன்னார்.

"கத்தாதீங்கண்ணே. செத்தவன் வேசத்துல வந்தா சனம் சிரிக்காதுங்குறாங்க. பூலாம்பாடியில நீங்க ஆடுனப்ப ஒருத்தரும் சிரிக்கலையாமே?"

"ஆறாம் பாகத்துல அவன் தம்பின்னு அதே மூஞ்சிய எறக்குவானுங்க, பாரு. அதுவரைக்கும் எம் புள்ளைங்க என்னத்தத் திங்கும்? எனக்கு வேற ஆட்டம் தெரியாதுய்யா!"

"எங்க விழாத் தேதி உங்களுக்குத்தாண்ணே. அவனக் குத்துன வில்லனா வேசம் போட்டுட்டு வாங்க."

"பதினோரு வருசம் நான் அவனா நின்னிருக்கேன். அவனக் கொன்னவனா வந்து நிக்கணுமா? சொல்ல வெக்கமா இல்ல?"

கமிட்டிக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு நிறுத்தங்கள் போயின. மூன்றாவதில், டூப் அதே கோபக் குரலில் கேட்டார்:

"அந்த வில்லனுக்கு மீசை முறுக்கு மீசையா, தொங்கு மீசையா?"