முதல் கைதட்டல்

— காலை ஆட்டாதீங்க சாமி. முட்டியில டேப்பு கோணலாப் போகுது பாருங்க.

— முட்டி கிடக்கட்டும். அந்த நடனக் கம்பெனி அம்மா இப்ப போன் பண்ணுவாங்க. வரலன்னு நீயே சொல்லிடு. நம்ம வீட்டுல உனக்குத்தான் வாய் இருக்கு.

— எனக்கு வாய் இருக்கு, உங்களுக்குக் கால் இருக்கு. கூப்பிட்டது காலைத்தானே? தெருவுல ஆடுற மனுஷனை, ஊர் ஊராப் பெரிய அரங்குல ஆட வாங்கன்னு வீடு தேடி வந்து கேட்டிருக்காங்க. மூணே மாசம். அதை வேண்டாம்னு எந்த வாயால சொல்றது?

— அங்க மரத்தரை. சத்தியமா வழுக்கும்.

— மழை பெஞ்ச கல்லு மேல அட்டைப்பெட்டியைப் பிரிச்சுப் போட்டு ஆடுன ஆளு நீங்க. மரம் வழுக்குதாம்!

— குளிரும்.

— ஸ்வெட்டர் எடுத்து வச்சாச்சு.

— அதுக்குள்ள எடுத்து வச்சாச்சா? என்னை அனுப்புறதுல அப்படி என்ன தாயே அவசரம்?

— அடுத்த சாக்கைச் சொல்லுங்க. கேப்போம்.

— நம்ம குட்டி என்னை மறந்துடுவா. ரெண்டு வயசுக் குழந்தை.

— மறக்கறதாவது! நேத்து கட்டில் மேல தலையை ஊனிக் காலைத் தூக்கிட்டா. பக்கத்து வீட்டு அக்கா அலறி அடிச்சுக்கிட்டு ஓடி வந்தாங்க. பயப்படாதீங்கக்கா, அப்பனுக்குத் தப்பாமப் பொறந்திருக்குன்னு சொல்லி அனுப்புனேன்.

— கழுத்தைப் பிடிச்சுக்கணும் தாயே. முதல்ல கைதான் எடை தாங்கணும், தலை அப்புறம்தான்...

— பேச்சை மாத்தாதீங்க. இன்னொரு கால். ம். இப்ப உண்மையைச் சொல்லுங்க. என்ன பயம்?

— பயமா? எனக்கா? குடோன்ல மூட்டை தூக்கிட்டு, சாப்பாட்டு நேரத்துல காலி அட்டை மேல சுத்திச் சுத்தி ஆட்டம் கத்துக்கிட்டவன் நான். மணிக்கட்டு ஒடிஞ்சப்ப ஒத்தைக் கையால ஆடுனேன். கடை திறப்புக்குக் கரடி வேஷம் போட்டு ஆடுனேன்.

— அந்தக் கரடித் தலை உள்ளயே மாட்டிக்கிச்சே! சோப்புத் தண்ணி ஊத்தில்ல உருவுனோம்.

— சிரி. எங்கப்பா கூடக் கேட்டாரு. முடி வெட்டுற தொழில் கையில இருக்கும்போது, தெருவுல உருண்டு புரண்டா நாலு பேர் சிரிக்க மாட்டானான்னு. சிரிக்கட்டும்பா, அப்பதான் நின்னு பார்ப்பான்னு சொன்னேன். அப்படிப்பட்டவனுக்குப் பயமா?

— இருக்கு. பயம் வந்தா நீங்க பழங்கதை பேசுவீங்க. எனக்குத் தெரியாதா?

— ...விளக்கை அணைச்சுடுவாங்களாம் தாயே.

— எங்க?

— அரங்குல. மேடையில மட்டும் வெளிச்சம். எதிர்ல ஒரே கும்மிருட்டு. யார் முகமும் தெரியாதாம். நீ எங்க நிக்கறன்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?

— நான் எங்க அங்க வரேன்? குட்டி இருக்கா, என் பை தைக்கற கடை இருக்கு. உங்களுக்கு மட்டும்தானே டிக்கெட்டு?

— அதைத்தானே சொல்றேன்! நீ இல்லாம முதல்ல யாரு தட்டுவா?

— அடக் கடவுளே. இதுக்குத்தானா இவ்வளவும்? மரம் வழுக்குது, குளிருது...

— உனக்கு விளையாட்டா இருக்கு. முதல் நாள் அந்த நீரூத்து முன்னாடி ஆடுனேனே, ஞாபகம் இருக்கா? தலையில நின்னு சுத்தி, எழுந்து, கும்பிடு போட்டேன். அத்தனை கூட்டம். ஒரு கை அசையல. சுருட்டிக்கிட்டுத் திரும்பக் குடோனுக்கே போயிடலாம்னு ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிட்டேன். எதிர்க் கடையில கைப்பைக்கு ஜிப்பு மாத்திக்கிட்டிருந்த ஒருத்தி எழுந்து வந்து தட்டுனா. அப்புறம்தான் ஊரே தட்டுச்சு.

— பாவமா இருந்துச்சு. வேர்த்து விறுவிறுத்து, கோழிக்குஞ்சு மாதிரி நின்னீங்க.

— பாவமோ புண்ணியமோ, அன்னிக்கு நீ தட்டலன்னா நான் ஆட்டக்காரனே இல்ல. கூட்டத்துக்கு எப்பவும் முதல் கை ஒண்ணு வேணும் தாயே. எவனும் தானாத் தட்ட மாட்டான். பக்கத்துல இருக்கறவன் தட்டுறானான்னு பார்ப்பான்.

— அதுக்காகத்தானே கட்டிக்கிட்டீங்க? யாரோ வழியில போறவ மாதிரி ஒரு நாள் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டு, ஒரு நாள் தலையில துணியைச் சுத்திக்கிட்டு, கூட்டத்துல நின்னு நான் தட்டணும்... ஒரு தடவை பக்கத்துல நின்ன ஆளு, இவனுக்கெல்லாம் எவ பொண்டாட்டியா வருவான்னு என்கிட்டயே கேட்டான்.

— நீ என்ன சொன்ன?

— யாராவது கிறுக்கி வருவான்னு சொன்னேன். ஆனா என் வேஷத்தைக் கலைச்சது நீங்கதான். ஒத்தைக் கையில நின்னுக்கிட்டே, தாயே அடுப்பை அணைச்சியான்னு கத்துனீங்களே! கூட்டம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்துச்சு.

— தலைகீழா நின்னா எனக்கு வீட்டு ஞாபகம் வந்துடுது. என்ன பண்ண?

— அணைக்கலதான் அன்னிக்கு. விழுந்தடிச்சு ஓடுனேன்.

— பார்த்தியா? அதான் சொல்றேன். நீ அங்க நிக்கறன்னு தெரிஞ்சாத்தான் எனக்குக் கால் எழும்பும். நாலு பேர் முன்னாடி வெக்கத்தை விட்டுச் சொல்லச் சொன்னாலும் சொல்றேன். போன் அடிச்சா வரலன்னு சொல்லிடு.

— இருங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொன்னா நஷ்டம் எனக்குத்தான். இத்தனை நாள் அதனாலதான் சொல்லல.

— என்ன பீடிகை பலமா இருக்கு?

— நான் இல்லாம உங்களுக்கு ஆகாதுன்னு நீங்க நினைக்கறது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. அதைக் கெடுத்துக்க மனசு வரல. நீங்க போனா இந்த வீடு எனக்கு வெறிச்சுனு கிடக்கும், அதுவும் தெரியும். அழ மாட்டேன்னு சொல்லல. ஆனா இப்படி ஒரு அழைப்பு வந்தப்புறமும் வாயை மூடிட்டு இருந்தா நான் என்ன பொண்டாட்டி?

— நீ என்ன சொல்றன்னே எனக்கு விளங்கல.

— நேத்து ஆட்டத்துக்கு முதல்ல தட்டுனது யாரு?

— நீதான். அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? அழுத்தமா விழுந்துச்சே, உன் பக்கத்துலருந்து. சத்தியமா நீதான்.

— நான் எங்க நின்னேன்?

— மூக்குக் கண்ணாடிக் கடை வாசல்ல. தலைகீழா இருந்தாலும் உன்னைத் தெரியாதா?

— குட்டி என்ன பண்ணிட்டிருந்தா?

— தூங்கிட்டிருந்தா, உன் தோள்ல. ஒரு கையால அவ முதுகைத் தாங்கியிருந்த. இன்னொரு கையில அவ செருப்பும் தண்ணி பாட்டிலும்.

— அப்ப எந்தக் கையால சாமி தட்டுனேன்? இவ பொறந்ததுலருந்து எனக்கு ஏது சும்மா இருந்த கை?