பலகையில் ஒரு டோக்கன்

— எழில்! எழில்மதி! கதவுகிட்ட வா பிள்ள! நான் தட்டுறது கேக்குதா?

— கேக்குது மிஸ். தட்டிக்கினே இருங்க. நிறுத்திடாதீங்க.

— அழாத, கேட்டியா? தேவயானி மிஸ் இங்கதான் இருக்கேன். உன்னை வெளிய எடுக்காம இந்தக் கதவை விட்டு நகர மாட்டேன்.

— அழல மிஸ்.

— புகை எங்கேருந்து வருதுன்னு தெரியுதா?

— நம்ம மாடல் சுரங்கத்துலேருந்து மிஸ். நாலாங் கிளாஸ் மொத்தமும் சேர்ந்து சயின்ஸ் ரூம்ல கட்டினமே, அந்தக் கரிக் குவியல்.

— யாரும் நெருப்பே வைக்கலையே. ஒரு தீப்பெட்டிகூட அந்த ரூமுக்குள்ள விட்டதில்லையே நான்.

— பழுப்பு நிலக்கரியைக் குவிச்சு மூடி வெச்சா தானாவே சூடேறும்னு நீங்கதான மிஸ் சொன்னீங்க? நடுவுல தெர்மாமீட்டர் சொருகிக் காட்டறேன்னீங்க. அதுக்குள்ள பொங்கல் லீவு வந்துச்சு. தூள் பறக்குதுன்னு தார்ப்பாயைப் போட்டு மூடிட்டுப் போயிட்டோம். இன்னிக்கு நிலவன் பாயைத் தூக்கினதும் குபுகுபுன்னு...

— மைன்ஸ்ல ஷிப்ட் போறவங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கே பாடம் எடுத்துட்டு, நானே மூடி வெச்சேன் பாரு. என்னைச் சொல்லணும். சரி, அது பிறகு. கைக்குட்டையை நனைச்சு மூக்குல கட்டு.

— நீங்க முதல்ல கட்டிக் காட்டுங்க மிஸ்.

— என்னது?

— எப்பவும் அப்படித்தான மிஸ்? முதல்ல நீங்க செய்வீங்க, பாத்துக்கினு நாங்க செய்வோம். லீவுக்கு முன்னாடி நம்ம சின்னு பொம்மைக்கு யூனிபார்ம் மாட்டி, புகையிலேருந்து ஆளைக் காப்பாத்தறது எப்படின்னு தவழ்ந்துக்கினே இழுத்துக் காட்டினீங்களே. உங்க தண்ணி பாட்டில் தோள்ல தொங்குதா?

— தொங்குது. இரு... முந்தானையை நனைச்சுக் கட்டியாச்சு. இப்ப நீ.

— சரி மிஸ். இப்ப தரையோட தரையா படுத்துக்கங்க.

— நீ படு பிள்ள. நான் எதுக்கு?

— நீங்க படுத்தாத்தான் நானும்.

— இந்த நேரத்துலயும் அடம்! உங்க அம்மா சாமியம்மாள் உன்னைச் சும்மாவா அடங்காப்பிடாரின்னு சொல்றா! படுத்துட்டேன், போதுமா? தரை ஜில்லுன்னு இருக்கு. தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. வராண்டா ஏன் இப்படி இருட்டிக் கெடக்கு? மழை வருதா?

— அண்ணா... மழை வருதான்னு கேக்குறாங்க.

— ஆமான்னு சொல்லிடு பாப்பா.

— ஆமாம் மிஸ். மழை வருது.

— எழில். அங்க யாரு? ஒரு ஆம்பளைக் குரல் கேட்டுதே.

— தங்கராசு அண்ணன் மிஸ்.

— வாட்ச்மேன் தங்கராசா? அவர் எப்படி உன்கூட? இந்த ரூமுக்கு இந்த ஒரே இரும்புக் கதவுதானே?

— கும்புடறேங்க டீச்சர். நான் பாப்பாகூடத்தான் நிக்கிறேன். நீங்க தெம்பா இருங்க. பயர் வண்டிக்குப் போன் போட்டாச்சு.

— மத்த பிள்ளைங்களை வேப்பமரத்தடியில நிக்க வெச்சேனே. யாராவது ஓடி வந்துட்டாங்களா?

— இல்ல மிஸ், மரத்தடியிலதான் நிக்கிறாங்க. நிலவன், அருள்மொழி, எல்லாரும். அருள்மொழி அழுவுறா. இங்கேருந்தே தெரியுது.

— எங்கேருந்து?

— இங்கேருந்துதான் மிஸ்.

— அந்த ரூமுக்குள்ளேருந்து பார்த்தா மரம் எப்படித் தெரியும்? அந்தப் பக்கம் சுவருதானே? எழில்... என்கிட்ட பேசுறது நீதானா?

— நான்தான் மிஸ். எழில்மதி. எங்கப்பா காண்ட்ராக்ட்ல லாரி ஓட்டுறாரு. நேத்து எங்க வூட்டுக்கு வந்து டீ குடிச்சீங்க, சக்கரை தூக்கலா இருக்குன்னீங்க.

— ஆமா... சொன்னேன்.

— மிஸ், புகையில மாட்டினவங்களைப் பத்தி ஒரு பாடம் நடத்தினீங்களே. அதைத் திருப்பிச் சொல்லுங்க. மறந்துபோச்சு.

— இப்பவா? புகை தலைக்கேறினா ஆள் இடம் தெரியாமப் பிதற்றும். அவங்ககிட்ட வாதாடக் கூடாது. பதறினா மூச்சு வாங்கும், இன்னும் புகையை இழுப்பாங்க. ஆமாம் ஆமாம்னு சொல்லிக்கிட்டே நகர வைக்கணும். பேச்சை மட்டும் விடக் கூடாது.

— ஆமாம் மிஸ். ஆமாம்.

— எதுக்கு ரெண்டு தரம் ஆமாம்கிற?

— ஒண்ணுமில்ல மிஸ். நான் உள்ள இருக்கேன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? சொல்லுங்க. பேசிக்கினே இருங்க.

— டோக்கன் பலகைதான். மைன்ஸ்ல இறங்குறவங்களுக்கு வெக்கிற மாதிரி, நம்ம ரூம் வாசல்லயும் மாட்டினேன்ல? உள்ள போறப்ப பேர் எழுதின டோக்கனை மாட்டணும், வெளிய வந்ததும் எடுத்துக்கணும். எல்லா ஆணியும் காலி. உன் டோக்கன் மட்டும் தொங்கிச்சு. எழில்னு கத்தினேன். பதில் இல்ல. அப்புறம்... அப்புறம் என்ன செஞ்சேன்?

— அப்புறம் கதவுகிட்ட வந்தீங்க மிஸ்.

— வந்தேன். அதுக்கப்புறம் ஞாபகம் வர மாட்டேங்குது பிள்ள.

— பரவால்ல மிஸ். தூங்கிடாதீங்க.

— எழில்... ஒண்ணு சொல்றேன், பயப்படாத. இங்க என் பக்கத்துல ஒரு பிள்ள உட்கார்ந்திருக்கு.

— யாரு மிஸ்?

— தெரியல. யூனிபார்ம் போட்டிருக்கு. எப்ப வந்துச்சுன்னே தெரியல. பேர் கேட்டேன், வாயே திறக்கல. கையைப் பிடிச்சிருக்கேன், சில்லிட்டுக் கெடக்கு. மூச்சு விடற மாதிரியே இல்ல.

— மூஞ்சி தெரியுதா மிஸ்?

— இருட்டு. தடவிப் பார்க்கிறேன்... எழில், இதுக்கு மூக்கு இல்ல. கண்ணு இருக்க வேண்டிய இடத்துல வெறும் துணி மாதிரி...

— அதை வுட்டுடுங்க மிஸ்!

— விடவா? பிள்ளையையா? நான் டீச்சர்டி!

— சரி சரி. பிடிச்சுக்கினே இருங்க. ஆனா தூங்காதீங்க.

— பாப்பா, தட்டுற சத்தமே நின்னுபோச்சு. கடப்பாரை போட்டுப் பாத்துட்டேன், சட்டம் அசையல. பயர் வண்டி ஸ்கூல் கேட்டுக்கே வரல இன்னும். அந்தத் தாழ்ப்பாள் நீங்கினாத்தான் உண்டு. கேளு, கேளு.

— மிஸ்! கதவுக்கு அடியில ஒரு தாழ்ப்பாள் இருக்குல்ல?

— இருக்கு. காத்துல கதவு திறந்துக்கும்னு நான்தான் அதை மாட்டச் சொன்னேன். தீப்பிடிச்ச ரூமுக்குக் கதவைத் திறந்து வெக்கக் கூடாது, காத்து போனா நெருப்பு கெளம்பும். ஆனா அது உள்பக்கம் பிள்ள. உன் பக்கம். நீதான் நீக்கணும்.

— எப்படி நீக்கறதுன்னு தெரியல மிஸ். நீங்க செஞ்சு காட்டுங்க.

— இந்தப் பக்கம் தாழ்ப்பாளே கிடையாதே. இல்லாததை எப்படி நீக்கிக் காட்ட?

— இருக்கற மாதிரி நெனச்சுக்கினு காட்டுங்க. சும்மா நடிச்சுக் காட்டுங்க மிஸ். நான் அப்படியே செய்யறேன்.

— கண்ணு சொருகுது... கொஞ்சம் படுத்துட்டு...

— மிஸ்! நீங்க காட்டலன்னா நான் வெளிய வர மாட்டேன்! இங்கயே படுத்துக்குவேன்!

— ஏ, வேண்டாம்! வேண்டாம் தாயி! காட்டுறேன். இதோ. கையைக் கீழ கொண்டு போ. கதவும் தரையும் சேர்ற இடம். விரலை வளை. இப்ப மெதுவா...

— மிஸ்?

— எழில்.

— சொல்லுங்க மிஸ்.

— என் கையில ஒரு தாழ்ப்பாள் இருக்கு.

— தூக்குங்க மிஸ்.

— வராண்டாப் பக்கம் கிடையாதே. நானே பார்த்துப் பார்த்து வெச்சது... கிடையாதே பிள்ள...

— தூக்கி இழுங்க மிஸ்! உங்க பலம் மொத்தமும்!

— தெறந்துடுச்சி! நவுரு பாப்பா, நவுரு! தூக்கிட்டேன்... மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு! இன்னா இது, சின்னு பொம்மையைக் கட்டிப் பிடிச்சுக்கினு! வுடுங்க டீச்சர், இது பஞ்சு.

— எழில்... வந்துட்டியா? உன்னை வெளிய எடுத்துட்டேன், பாத்தியா...

— நான் உள்ளயே இல்ல மிஸ். புகையைப் பாத்ததும் அண்ணனைக் கூப்பிட ஓடினேன், டோக்கனை எடுக்க மறந்துட்டேன். என்னைத் தேடிக்கினு உள்ள போயி தாழ்ப்பாள் போட்டது நீங்க.