மூணுக்கு சைபர்

இல்ல சார், மொதல்ல ஒரு தப்பத் திருத்திடறேன். சாதாரணத் தப்பு இல்ல, நூறு வருஷத்துக்கு மேல இந்த ஊரு சொமந்துக்கிட்டு வர்ற தப்பு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னெண்டுல எங்க காலேஜ் டீம் ஃபைனல்ல மூணுக்கு சைபர்னு தோத்துச்சுன்னு சொல்றாங்க இல்ல? தோக்கல. ஒரு கோல்கூட விழல. கோல் விழறதுக்கு மொதல்ல பந்த உதைக்கணும் இல்லியா, உதைக்கவே இல்ல.

விசில வாயிலேருந்து கொஞ்சம் எடுங்க சார். தெரியுது, நாலு மணி மாட்ச். எங்க காலேஜ் பசங்களக் காணோம், ஊதிட்டு வாக்கோவர்னு எழுதிட்டுப் போயிடலாம்னு பாக்கறீங்க. கால் மணி நேரம் காக்கணும் இல்ல? காத்துக்கிட்டே கேளுங்க. எந்த ஊரு நீங்க? விழுப்புரமா, அதான். இங்க பழைய ஆளுங்க வாக்கோவர்னு சொல்ல மாட்டாங்க, ஃபோர்ஃபேம்பாங்க. பிரெஞ்சு, அவன் ஆண்ட ஊரு இல்ல. அதே வார்த்தைக்குப் பெருங்குத்தம்னும் ஒரு அர்த்தம் இருக்குது. வராமப் போனா குத்தம், எப்பிடி! நான் ஸ்கூல்ல சரித்திரம் எடுக்கறேன், சொல்லாம இருக்க முடியாது. வீட்லயும் இதே பேச்சுதான். சோறு எங்கடான்னு கேட்டாக்கூட, எந்த வருஷத்துலேருந்து ஆரம்பிக்கப் போறீங்கப்பான்னு பையன் கேப்பான்.

அந்த வருஷம் அவங்கள அசைக்க ஆளில்ல சார். வெறுங்கால்ல ஆடனானுங்க. கப்பல்ல வந்த வெள்ளக்கார மாலுமிங்க பூட்ஸோட வந்து நின்னு, நாலு கோல் வாங்கிக்கிட்டுப் போனாங்க. கோல்ல நிக்கறது பாவாடைன்னு ஒரு தேங்காய்த்திட்டுப் பையன். சிரிக்காதீங்க, ஆம்பள பேருதான். மேல்மலையனூர் பாவாடைராயன் சாமி பேரு. காத்துகூட அவனக் கேட்டுட்டுதான் கோலுக்குள்ள போவும்பாங்க.

ஃபைனல் கடலூர்ல. அன்னிக்கு அது இங்கிலீஷ்காரன் ஊரு. விடியக்காலம் வண்டி கட்டி நிக்கறாங்க, பாவாடைக்கு வாந்திபேதி. மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடுச்சு. அந்த நோவுன்னா தூக்கறதுக்குக்கூட ஆளு வர மாட்டாங்க. டீம் பசங்கதான் தூக்கனாங்க, எல்லா சாதிப் பசங்களும். கடலூர்ல ரெஃப்ரி கடியாரத்தப் பாத்தான், ஊதனான், வராத டீம் தோத்ததா மூணுக்கு சைபர்னு எழுதனான். நான் அவனத் திட்ட மாட்டேன். அவனுக்கு என்ன தெரியும், பயந்துட்டானுங்கன்னு நெனச்சிருப்பான். அப்புறம் ஊரும் அதையேதான் சொல்லிச்சு. யாராச்சும் ஒருத்தரு போய்ச் சொல்லிருந்தா போதும் சார். எல்லாரும் சுடுகாட்ல இருந்தாங்க, யாரு போவாங்க.

அதான் நான் வந்தேன்.

ஆமா, இன்னிக்கு டீமப் பத்திதான் சொல்றேன். பசங்க பயந்து ஓடல. கோரிமேடு ஆஸ்பத்திரில, மார்ச்சுவரி வாசல்ல நிக்கறாங்க, பத்துப் பேரும். பதினொண்ணு இல்ல சார், பத்துதான். எண்ணிக்கையில நான் தப்பு பண்றவன் இல்ல. கோல்கீப்பர் உள்ள இருக்கறான். காலையில கனகசெட்டிக்குளத்துலேருந்து பைக்ல வந்துக்கிட்டு இருந்தான், ரோட்ல மணலு. அவ்ளோதான். ஆகாஷ்னு பேரு. என் பையன்.

வேணாம், உக்காரல. தண்ணியும் வேணாம் சார். இன்னொரு நாள் ஆட விடுங்க, அது போதும். ஃபோர்ஃபேன்னு மட்டும் எழுதிடாதீங்க.

அவங்கம்மாவா? இன்னும் தெரியாது. தங்கச்சி வீட்ல இருக்கறா, இனிமேதான் போய்ச் சொல்லணும். உங்களுக்கு நாலு மணிக்கு விசிலு. அவ ஒண்ணும் கடியாரம் பாத்துக்கிட்டு நிக்கல.

அந்த டீம் கேப்டனையா கூப்புடறீங்க? சொல்லுங்க, சொல்லுங்க. அவங்களுக்கும் தெரியணும் இல்ல. நான் இங்கியே நிக்கறேன்.

சொல்லிட்டீங்களா? ம்.

அதோ, அவங்க கோல்கீப்பர் கிளவுஸக் கழட்டறான்.